கை பட்டுருச்சுங்க

அந்த டப்பாவைக் கர்ச்சீப்புக்குள்ள மறைக்காதீங்க தம்பி. இங்க உக்காந்திருக்கறவங்க அத்தனை பேர் கையிலயும் அதுதானுங்க இருக்குது. அந்த மூலையில பாருங்க, ஒருத்தர் அதையப் பேப்பர்ல சுத்தி மடியில வெச்சிருக்காரு, என்னமோ ஸ்வீட் பாக்ஸாட்டம். கோயமுத்தூர்ல இத்தனை ஆம்பளைங்க ஒண்ணா உக்காந்து ஒரு வார்த்தை பேசாம இருக்கற எடம் இந்த லேப் ஒண்ணுதான்.

சித்த அக்கட்டால நகந்துக்கங்க. நான் ஒருக்களிச்சுத்தான் உக்கார முடியும். இடது பக்கம் புண்ணு. ஊசி போட்ட எடம். ஆறு மாசமாச்சு, ஆற மாட்டேங்குது. வெட்டி விட்டாங்க, சீழ் எடுத்தாங்க, மறுபடியும் கட்டிக்குது. அது கெடக்குது.

டோக்கன் எத்தனை? பதினேழா. எனக்கு டோக்கன் கெடையாதுங்க. நான் குடுக்க வரலை, வாங்க வந்தவன். போன ஆவணியில குடுத்ததுக்கு ரிப்போர்ட் வாங்கவே இல்லை. பழசுங்க, உள்ள போய்த் தேடி எடுக்கோணும், உக்காருங்கன்னு கவுண்டர்ல இருக்கற அம்மணி சொல்லிப்போட்டுப் போயிருக்குது. இதோட மூணாவது தடவை வர்றேன். மொத ரெண்டு தடவையும் வாசல்ல வண்டியை நிறுத்திப்போட்டு, ஒரு டீயைக் குடிச்சுப்போட்டு, திரும்பிப் போயிட்டேன். ஏன்னு கேக்காதீங்க. வேலை இருந்துச்சு.

உங்க கையைப் பாத்துத்தானுங்க வந்து பக்கத்துல உக்காந்தேன். முழுக்கை போட்டா தெரியாதுன்னு நெனச்சீங்களா? பைசெப்ஸ் பதினாறு இஞ்சு இருக்கும். பதினஞ்சரையா? சரி விடுங்க, பதினஞ்சரை. கோர்ஸ் போடறீங்களான்னு நான் கேக்கவே மாட்டேன். கழுத்துல இருக்கற பருவே சொல்லுது. பத்து வாரம், வாரத்துக்கு ரெண்டு ஊசி, நடுவுல மாத்திரை. வெளியாளுக ஸ்டீராய்டுன்னு சொல்லி மூஞ்சியைச் சுளிப்பாங்க. நமக்கு அது கோர்ஸ். வேண்டாம்னு புத்தி சொல்ல வரலைங்க. எனக்கு அந்த வழக்கமே இல்லை.

நான் பூபதி. பல்லடத்துல வாயுபுத்திரா ஜிம் நம்முளுதுதான். கேள்விப்பட்டிருப்பீங்க. மாவட்டப் போட்டியில எம்பத்தஞ்சு கிலோ பிரிவுல ரெண்டாவது வந்தவன். மொதலாவது வந்திருக்கோணும், அந்த ஜட்ஜு சரியில்லை. அப்பறம் அவரை வண்டி நிறுத்தற எடத்துல பாத்தேன். அடிக்கலைங்க. கை பட்டுருச்சு. மூக்குத்தண்டு சித்த வெலகிப்போச்சு, அவ்வளவுதான்.

என்ற ஊட்டுக்காரி பேரு கோகிலவாணி. பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறவ. நான் பொண்ணு பாக்கப் போனப்ப, காப்பி குடுத்துப்போட்டு நிமுந்து பாத்தா, குபுக்குன்னு சிரிச்சுப்போட்டா. சபையில எல்லாரும் ஒரு மாதிரி ஆயிட்டாங்க. கல்யாணத்துக்கு அப்பறம் கேட்டேன், ஏன் அம்மணி அன்னிக்குச் சிரிச்சேன்னு. "உங்க கையில காப்பி டம்ளர் சொப்புச் சாமானாட்டம் இருந்துச்சுங்க மாமா"ன்னா. நெம்ப நல்ல சிரிப்புங்க அவளுது. அதையச் சொல்லோணும்.

கல்யாணமாகி நாலு வருசம் குழந்தை இல்லை. யாரைக் காட்டறது? அவளைத்தான் காட்டுனோம். ஊரு வழக்கம் அதுதானுங்களே. ரத்தம் எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. கர்ப்பப்பைக்குள்ள மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்தாங்க பாருங்க, அன்னிக்கு அவ போட்ட சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டுச்சு. எனக்குத் தாங்கலை. வெளிய தரையில படுத்து நூறு புஷ்அப் எடுத்தேன். அப்படியாப்பட்ட கஷ்டம் எனக்கும் இருந்துச்சுங்க, யாருக்குத் தெரியும்? கடைசியில எல்லாம் சரியா இருக்குதுன்னாங்க. டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வெச்சுப்போட்டு, "இனி உங்களைப் பாக்கலாங்களா?"ன்னாங்க.

என்னையா? நூத்தி நாப்பது கிலோவை நெஞ்சு மேல வெச்சுத் தள்ளறவனையா?

நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? ஊசி போட்ட மூணாம் நாள் போய் ரத்தம் குடுத்தேன். ஆம்பளை ஹார்மோன் எத்தனை இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்கன்னேன். ஆயிரம் இருந்தாலே எச்சுன்னு அந்தக் காயிதத்துலயே போட்டிருந்தாங்க. எனக்கு ரெண்டாயிரத்து நானூறு! ரெண்டரை ஆம்பளைங்க நான். கவருமெண்டு பதிவு பண்ணுன லேப் குடுத்த காயிதம். அதையப் பெருசாப் பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணி, ஜிம்முல ஆஞ்சநேயர் படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சேன். வர்ற போறவங்க எல்லாரும் அதைய நின்னு படிச்சுட்டுத்தான் தண்டாலே எடுப்பாங்க.

கோகிலா வந்து பாத்தா. "ஆஞ்சநேயரு பிரம்மச்சாரிங்க மாமா, அவருக்குப் பக்கத்துல எதுக்கு இது?"ன்னா. விளையாட்டாத்தான் சொன்னா. பத்துப் பேரு முன்னால சொல்லலாமுங்களா? மொத மொத அவ மேல கை பட்டது அன்னிக்குத்தான்.

அப்பறம் என்ற சித்தப்பா ஊட்டுல அவரு மருமகளுக்குக் கட்டுச்சோத்து விருந்து. உங்க ஊர்ப்பக்கம் உண்டுங்களா? ஏழாம் மாசத்துல பொண்ணு ஊட்டுக்காரங்க வகைவகையாச் சோறு கட்டிட்டு வந்து, வளையல் போட்டு, பொண்ணைக் கூட்டிட்டுப் போவாங்க. ஒறம்பறை எல்லாம் வந்திருந்தாங்க. கோகிலாவும் வளையல் போடலாம்னு தட்டத்தைக் கையில எடுத்துட்டு முன்னால போனா. என்ற பெரியம்மா, "நீ கடைசியாப் போடுவியாமா கண்ணு"ன்னு தட்டத்தைக் கையில இருந்து வாங்கிப்போட்டாங்க. அவ சிரிச்சுக்கிட்டேதான் ஒதுங்கி நின்னா. அதையப் பாத்துப்போட்டு, பந்தியில உக்காந்திருந்த செல்லமுத்து மாமன், இலையில இருந்து தலையைக்கூட நிமுத்தாம சொல்றாரு, "பூபதிக்கு ஒடம்பு பூராப் பயிரு நல்லாத்தான் நிக்குது, வெதைதான் பொக்கு போல இருக்குது"ன்னு.

பந்தி பூராச் சிரிச்சுதுங்க. பாயசம் ஊத்திட்டு இருந்தவன்கூடச் சிரிச்சான்.

கிட்டப் போனேன். சட்டையோட சேத்துத் தூக்குனேன். எழுவது கிலோ மனுசன், எனக்கு அது ஒரு எடையா? தூக்கி அந்தாண்ட விட்டேன். அங்க புளிச்சோத்து அண்டா இருந்தா நான் என்ன பண்றது? விளிம்புல வாயி பட்டு முன்பல்லு ரெண்டும் சோத்துக்குள்ள போயிருச்சு. தோள்பட்டை எறங்கிருச்சு. அவரு மகன் கரண்டியைத் தூக்கிட்டு வந்தான், அவனுக்கும் பட்டுது. வளையல் தட்டம் கவுந்து, பொம்பளைங்க எல்லாம் ஓ ஓன்னு கத்த, அந்த வயித்துப் பொண்ணு செவுத்தோட ஒட்டி நின்னு வயித்தை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டா. நான் அவளை என்ன பண்ணப் போறேன்? அப்படி ஒரு பார்வை. எனக்கு அதுதான் தம்பி நெம்பச் சுட்டுது.

இந்த லட்சணத்துல கோகிலா என்ன பண்றா? சொம்புல தண்ணி கொண்டாந்து செல்லமுத்து மாமனுக்கு வாய் கழுவி விடறா. புருசனை அசிங்கமாப் பேசுனவனுக்கு! ஊட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ரத்தம் ஒழுகுதுங்க, பாத்துட்டு நிக்கச் சொல்றீங்களா?"ன்னு எதுத்துப் பேசுனா. கை பட்டுருச்சு. இடது காதுல. அன்னிக்கு இருந்து அந்தப் பக்கம் அவளுக்குச் சரியாக் கேக்கறதில்லை. எதாச்சும் சொன்னா இப்படி வலது பக்கமாத் திரும்பித்தான் கேப்பா. நமக்கும் ஒண்ணை ரெண்டு வாட்டி சொல்ல வேண்டியதாப் போச்சு.

சரின்னு ஒருநாள் டெஸ்டுக்குப் போனேன். அவ தொல்லை தாங்காமத்தான். இந்த லேப் இல்லைங்க, வேற. ரிப்போர்ட்டு குடுத்தான் ஒருத்தன், கண்ணாடி போட்டுட்டு, ஒல்லியா. "நில் சார்"ங்கறான். அப்படீன்னா? "சைபருங்க. உயிரணு ஒண்ணுகூட இல்லீங்க"ன்னான். மெதுவாச் சொல்லியிருக்கலாம். பக்கத்துல ஆளுக இருந்தாங்க. அவன் தலையைப் புடிச்சு, நல்லாப் பாத்துச் சொல்றான்னு அந்த மைக்ராஸ்கோப்பு மேல வெச்சு அழுத்துனேன். அவன் கண்ணாடியும் போச்சு, அதும் போச்சு. ரிப்போர்ட்டை அங்கயே சுக்கல் சுக்கலாக் கிழிச்சுப்போட்டேன். பொய்க் காயிதம்னு ஊரெல்லாம் சொன்னேன். அதைய ஞாபகம் வெச்சுக்கங்க, கிழிச்சது நான்தான்.

டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னா, பனியன் கம்பெனி ஆளுகங்கறதுனால அந்தக் கணக்குலயே சொன்னாங்க. வெளியூர்ல இருந்து லோடு லோடா நூல் வந்து எறங்கிட்டே இருந்தா உள்ளூர் மில்லு எதுக்கு ஓடும்? நிறுத்திப்போடுவான். அந்த மாதிரி நீங்க வெளிய இருந்து ஹார்மோன் ஏத்த ஏத்த, மூளை விதைக்குச் சொல்லி அனுப்புது, உன்ற வேலை தேவையில்லை, கம்முனு கெடன்னு. அதுவும் சுருங்கிப்போகுது, உயிரணு உண்டாகறதும் நின்னுபோகுது. ஊசியை நிறுத்துனா ஆறு மாசத்துலயும் ஓட ஆரம்பிக்கலாம், ரெண்டு வருசமும் ஆகலாம், சிலருக்கு ஓடாமயே போயிரும். இன்னொண்ணும் சொன்னாங்க. ஒடம்புக்குன்னு ஒரு காவல் இருக்குது, நோய் வந்தா எதுத்து நிக்கறது, இந்த ஊசி அதையும் அசத்திப்போடுதுன்னு.

எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. ஆம்பளை ஊசி போட்டா ஆம்பளைத்தனம் கொறையுமா? உப்புப் போட்டா உப்புக் கொறையுமா? எங்க ஜிம்முல நாகராசுன்னு ஒருத்தன், சரக்கு கொண்டாந்து குடுக்கறவன், அவன்தான் கரெக்டாச் சொன்னான். "பத்தலைங்கண்ணா, அதான் சைபர் வருது, டோஸை ஏத்துங்க"ன்னு. ஏத்துனேன். ரெண்டு மடங்கு. மூணு மாசம்.

அந்த மூணு மாசத்துல என்ன ஆச்சுங்கறீங்க? மார்ல பொம்பளைக்காட்டம் ரெண்டு பக்கமும் கட்டி. தொட்டா உசுரு போகும். சளி புடிச்சா ஒரு மாசம் போகாது. அப்பறம் நெஞ்சைச் சுத்தி அக்கி போட்டுது. நெருப்பு வெச்சாப்புல. முப்பத்தஞ்சு வயசுல அக்கியான்னு டாக்டரம்மா கேட்டாங்க. கோகிலாதான் என்னையத் தூக்கிப் புடிச்சு, அவ ஸ்கூட்டருக்குப் பின்னால உக்கார வெச்சு, அக்கி எழுதற குயவர் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. அவரு காவியைக் குழைச்சு நெஞ்சு மேல சிங்கம் எழுதுனாரு. போட்டியில நிக்கற நெஞ்சுங்க. அதுல காவிச் சிங்கம். நான் சின்னப் பையனாட்டம் அழுதேன். அவ என்ற தலையைப் புடிச்சுட்டு, "நிறுத்திருங்க மாமா, எனக்குக் குழந்தைகூட வேண்டாம், நீங்க இருந்தாப் போதும்"ன்னா.

நிறுத்துனேன். தை மாசத்துல இருந்து ஆவணி வரைக்கும், எட்டு மாசம். சத்தியமா.

நரகமுங்க தம்பி. கை எளைச்சுது, தொடை எளைச்சுது. எதுலயும் மனசு போகாது. டிவியில விளம்பரம் பாத்துக்கூட அழுகாச்சி வரும். சாயங்காலமானா ஜிம்முக்குப் போகாம அவகூடச் சமையக்கட்டுல உக்காந்து பூண்டு உரிச்சேன். ஞாயித்துக்கெழமை அவளுக்குத் தலைக்கு எண்ணை வெச்சு விட்டேன்னா பாத்துக்கங்க. அந்த எட்டு மாசத்துல கை ஒருவாட்டிகூடப் படலை. அவ அப்பறம் போலீஸ்ல எழுதிக் குடுத்தாளாம், "அந்த எட்டு மாசம்தான் நான் குடும்பம் நடத்துனேன்"னு. எனக்கு நரகம், அவளுக்குக் குடும்பமாம். கேட்டுக்கங்க.

ஆவணி பாதியில டாக்டரம்மா எழுதிக் குடுத்து, இந்த லேப்லதான் டெஸ்டுக்குக் குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு நீங்களே வந்து வாங்கிக்கோணும், வேற யாருகிட்டயும் குடுக்க மாட்டோம்னாங்க. வரலை. எதுக்கு வரோணும்? மறுபடியும் ஒருத்தன் பத்துப் பேரு முன்னால சைபர்ம்பான். அதே வாரத்துல போட்டி நோட்டீஸ் வந்துச்சு, கார்த்திகையில கோபியிலன்னு. ஜிம்முல ஒரு பொடிப்பய, நான் கத்துக் குடுத்தவன், நூத்தி இருவதைத் தள்ளிப்போட்டு, "அண்ணன் இப்பெல்லாம் பூண்டுதான் தூக்கறாரு"ங்கறான். புரட்டாசி பொறந்ததும் நாகராசைக் கூப்புட்டேன்.

மருந்து பாட்டிலை எங்க வெக்கறது? அவ கண்ணுல படக்கூடாது. புரோட்டீன் டப்பா இருக்குதில்லைங்க, பெருசு, அஞ்சு கிலோ. அதுல பவுடருக்குள்ள புதைச்சு வெச்சேன். அந்த டப்பாவை யாரும் தொட மாட்டாங்க. தெனமும் காத்தால எந்திரிச்சதும் மொத வேலையா நான் தொறப்பேன், ஒரு கரண்டி எடுத்துக் கலக்கிக் குடிப்பேன்.

தீபாவளிக்கு முன்னால ஞாயித்துக்கெழமை. விடிஞ்சு ஆறரை மணி இருக்கும். பல்லு வெளக்கிட்டு இருக்கேன், பின்னால டப்புன்னு சத்தம். மறுக்கா டப்புன்னு. போய்ப் பாத்தா, துவைக்கற கல்லுக்கிட்ட நின்னுட்டு ஒவ்வொரு பாட்டிலா எடுத்துக் கல்லுல அடிச்சு ஒடைக்கறா. நான் சொன்னனுங்க. வை அதைய, வை, கோகிலா வைன்னு, நாலு வாட்டி சொன்னேன். திரும்பிக்கூடப் பாக்கலை. எந்தப் பக்கம் நின்னு சொன்னேனா? இடது பக்கம். அதுக்கு என்னங்க? ஊரே கேக்கற மாதிரித்தான் சொன்னேன்.

தோளைப் புடிச்சுத் திருப்புனேன். அவ என்ற மூஞ்சியைப் பாத்து என்னமோ சொல்ல வந்தா. "மாமா, நான்..."ன்னா. அவ்வளவுதான் கேட்டுச்சு. எனக்குக் காதுக்குள்ள மோட்டார் ஓடற மாதிரி. அந்த ஊசி போட்டுட்டு இருக்கறப்ப அப்படித்தானுங்க, உங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி பாக்காதீங்க. கோவம் வந்தா நின்னு யோசிக்க எடமே இருக்காது. கை பட்டுருச்சு. கல்லு மேல வயித்தோட விழுந்தா. எந்திரிக்கப் பாத்தா. நடிக்கறான்னு நெனச்சேன். காலும் பட்டுருச்சு. அப்பறம் பாத்தா கல்லைச் சுத்தி சோப்புத் தண்ணி செவப்பா ஓடுது. கண்ணாடி கிழிச்சிருச்சு போலன்னு நெனச்சுக் கையைப் பாக்கறேன், கையில ஒண்ணும் இல்லை.

ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் பொண்ணு வெளிய வந்து, என்ற மூஞ்சியைப் பாக்காம, "எட்டு வாரம் இருக்கும். கலைஞ்சிருச்சு"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு.

எனக்கு என்ன தோணும் சொல்லுங்க. நியாயமாச் சொல்லுங்க. நான் சைபர். லேப் காயிதமே சொல்லுது. கிழிச்சுப்போட்டா இல்லாமப் போயிருமா? அப்பறம் எப்படி எட்டு வாரம்? ஊட்டுக்கு வந்து டப்பாவைப் பாக்கறேன், மூடி தொறந்து கெடக்குது, பவுடருக்கு மேல ஒரு பிளாஸ்டிக்குக் குச்சி. ரெண்டு கோடு. நாலு வருசமா மாசாமாசம் ஒத்தைக் கோட்டைப் பாத்து அழுதவளாச்சே, எனக்கு அந்தக் குச்சி தெரியாதா? தப்பு இல்லைன்னா அதையக் கொண்டுபோய் டப்பாவுக்குள்ள ஏன் ஒளிச்சு வெக்கோணும்? எங்கிட்ட நேராக் குடுக்கலாமுல்ல?

அவ கம்பெனியில சேவியர்னு ஒரு கட்டிங் மாஸ்டர். ஸ்கூட்டர் கெட்டுப்போனா ரெண்டு வாட்டி அவளைக் கொண்டாந்து விட்டவன். நேராக் கம்பெனிக்குப் போனேன். கட்டிங் டேபிள் மேலயே அவன் கையை வெச்சு, துணி நகராம வெக்கற இரும்புக் கட்டை இருக்குதில்லைங்க, அதுல மூணு போடு. "எனக்கு அவங்க தங்கச்சிங்கண்ணா"ன்னு கத்தறான். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. மூணு விரலு. இனி அவனால கத்தரி புடிக்க முடியாதாம். அதையும் என்ற மேல எழுதியிருக்காங்க.

நாப்பத்திரெண்டு நாள் உள்ள இருந்தேன். இந்தப் புண்ணு அங்கதான் பெருசாச்சு. காச்சல்ல ஒளறுனேனாம். என்ன ஒளறுனேன்னு கேட்டா பக்கத்துல படுத்திருந்தவன் தள்ளிப் படுத்துக்கிட்டான்.

இப்ப வக்கீல் என்ன சொல்றாருன்னா, அந்தக் கர்ப்பம் உன்றது இல்லைன்னு ஒரு துண்டுக் காயிதம் இருந்தாக்கூட பேசிப் பாக்கலாம், ஆவணியில குடுத்தயே, அந்த ரிப்போர்ட்டைக் கொண்டான்னு. கோகிலா போலீஸ்ல என்ற மேல ஒரு கெட்ட வார்த்தை சொல்லலை. நீ வேற ஒருத்தனோடன்னு நான் கத்துனப்பகூட பதில் பேசலை. இன்ஸ்பெக்டரம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாளாம். "அவருக்கு லேப்ல ஒரு ரிப்போர்ட்டு கெடக்குதுங்க. அவரையே போய் வாங்கிப் பாக்கச் சொல்லுங்க"ன்னு.

அது ஏன் அப்படிச் சொன்னா? அதுதானுங்க ராத்திரியெல்லாம் கொடையுது.

சைபர் வரோணுமுங்க தம்பி. ஊரே சிரிக்கட்டும். செல்லமுத்து மாமன் பொக்கை வாயை வெச்சுட்டு மைக் போட்டுச் சொல்லட்டும். ஜிம்முல மாட்டுனதைய நானே கழட்டிப் போட்டர்றேன். சைபர் வந்துட்டாப் போதும். ஆண்டவன்கிட்ட வேற ஒண்ணும் கேக்கலை.

என்னங்க அம்மணி? பூபதி, ஆமாங்க, நான்தான். குடுங்க.

தம்பி, நீங்களே பிரிச்சுப் பாருங்க. எனக்கு இங்கிலீசு அவ்வளவா வராது. கீழ பாருங்க. எண்ணிக்கைன்னு ஒரு எடத்துல போட்டிருக்கும். சைபர்தானுங்களே? சொல்லுங்க. ஏன் என்ற மூஞ்சியைப் பாக்கறீங்க, காயிதத்தைப் பாத்துச் சொல்லுங்க.

எத்தனை?

ஒரு கோடியே எம்பது லட்சமா?

நல்லாப் பாத்தீங்களா? என்ற பேருதான் போட்டிருக்குதா? பாத்தீங்களா! நான் சொன்னனில்ல! ஒரு கோடியே எம்பது லட்சம்! ஏனுங்க, நீங்க எல்லாரும்தான் கேளுங்க! ரெண்டரை ஆம்பளைங்க நான்! இங்க பக்கத்துல லேமினேட் பண்ற கடை எங்கிருக்குது? இதையக் கொண்டுபோய்...

தேதி என்னங்க போட்டிருக்குது?

ஆகஸ்ட் இருவத்தொம்பது. ஆமா, ஆவணி. ஊசி நிறுத்தி எட்டாவது மாசம். அதுல இருந்து செப்டம்பர், அக்டோபர். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. எட்டு வாரம்.

மறுக்கா எண்ணுங்க. நீங்க படிச்சவரு, நீங்க எண்ணுங்க.

அந்த டப்பாவை அந்த ஊட்டுல நான் ஒருத்தன்தானுங்க தொறப்பேன். காத்தால எந்திரிச்சதும். அவளுக்கு அது தெரியும். நான் மொதல்ல பாக்கோணும்னுதான்... அந்தக் குச்சியை வெக்கத் தொறந்து, பாட்டிலைப் பாத்து... "மாமா, நான்..."ன்னா தம்பி. நான் முழுசாச் சொல்ல விடலை.

என்ற புள்ளைங்க அது. என்ற புள்ளை.

பதினேழு கூப்புடறாங்களா? போகாதீங்க. சித்த நேரம் உக்காருங்க. தனியா விட்டுட்டுப் போகாதீங்க தம்பி, யாராச்சும் ஒருத்தர் பக்கத்துல இருக்கோணும். ஏன் இழுக்கறீங்க? ஏன் கத்தறீங்க? எல்லாரும் எதுக்கு எந்திரிக்கறீங்க? நான் புடிக்கலைங்க. மணிக்கட்டா? நான் ஒண்ணும் பண்ணலைங்க. கை பட்டுருச்சு. சும்மா கை பட்டுருச்சுங்க.